பறவை பார்க்கும் பள்ளிக்கு எந்தக் கேமரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி இயற்கை மன்றத்துக்குப் பறவைகளைப் படமெடுக்க ஒரு கேமரா வாங்க விரும்பும் ஆசிரியர் ஒருவர், கச்சிதமான சூப்பர்சூம் கேமராவை (லென்ஸைக் கழற்ற முடியாத, மிக நீண்ட சூம் கொண்டது) வாங்குவதா, அதே தொகையில் கிடைக்கும் பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவை (லென்ஸை மாற்றக்கூடியது) வாங்குவதா என்று தங்கள் வார இணைப்பில் கேட்டிருந்தார். சென்சார், அதாவது படத்தைப் பதியும் சில்லு, பெரியது, ஆகவே டிஎஸ்எல்ஆரே சிறந்தது என்ற அளவில் அவருக்குச் சுருக்கமான பதில் தரப்பட்டிருந்தது. ஆண்டு விழாவுக்கும் வகுப்புப் புகைப்படத்துக்கும் அந்தப் பதில் முழுக்கச் சரி. ஆனால் அவர் கேட்டது பறவைகளைப் பற்றி. பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்புக்காக மாணவர்களோடு ஏரிக்கரைகளில் நிற்பவன் என்ற முறையில், அந்தப் பதிலை நம்பி ஒரு பள்ளி தன் பணத்தைச் செலவிட்டுவிடக் கூடாதே என்ற கவலையில் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து ஏரிகளை எடுத்துக்கொள்வோம். வேடந்தாங்கலிலும் கரிக்கிலியிலும் பார்வையாளர்கள் நிற்பது கரையில்; நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டுவது தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில். இடையில் இருப்பது முழுக்கத் தண்ணீர். பள்ளிக்கரணையில் சாலையோரம் நின்று பார்த்தாலும், கோடியக்கரையில் பூநாரைக் கூட்டத்தைத் தேடினாலும் நிலைமை இதுதான்: பறவை நம்மை நோக்கி வருவதில்லை, நாம் அதை நோக்கிப் போகவும் கூடாது. எனவே கேமராவைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் கேட்க வேண்டியது, பறவை எவ்வளவு தொலைவில் இருக்கும் என்பதைத்தான். சென்சாரின் அளவு அதற்குப் பிறகுதான் வருகிறது.

சென்சார் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. 2012-இல் வந்த நிகான் டி3200 என்ற டிஎஸ்எல்ஆரின் சென்சார் 23.2 மி.மீ. அகலமும் 15.4 மி.மீ. உயரமும் கொண்டது. 2015-இல் வந்து, பறவை ஆர்வலர்களிடையே பெயர் பெற்ற நிகான் கூல்பிக்ஸ் பி900 என்ற சூப்பர்சூமின் சென்சார் அகலம் 6.2 மி.மீ. அளவே, பரப்பில் முன்னதன் பன்னிரண்டில் ஒரு பங்கு. படச்சட்டம் முழுவதையும் நிரப்பும் ஒரு காட்சியை இரண்டிலும் எடுத்தால் டிஎஸ்எல்ஆர் படம் தெளிவாக வெல்லும். ஆனால் தொலைவில் இருக்கும் பறவை சட்டத்தை நிரப்புவதில்லை. அது சென்சாரின் நடுவில் ஒரு சிறு புள்ளியாக விழுகிறது. அதைச் சுற்றி விழும் வானத்தையும் தண்ணீரையும் பிறகு வெட்டி எறிந்துவிடுகிறோம். பெரிய சென்சாரின் பெரும்பகுதி அந்த வெட்டில் போய்விடுகிறது.

ஏறத்தாழ 30 செ.மீ. நீளமுள்ள ஒரு பறவை 60 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பதாகக் கொள்வோம். டி3200-இல் பெரும்பாலும் அதோடு சேர்த்தே விற்கப்பட்ட 18-55 லென்ஸைப் (இந்த எண்கள் மி.மீ.-இல் குவியத் தூரம்; எண் கூடக்கூடத் தொலைவிலுள்ளது பெரிதாகத் தெரியும்) பொருத்தி எடுத்தால், அந்தப் பறவை படத்தில் சுமார் 70 பிக்சல் நீளத்தில் பதியும். அது பறவை என்பதுகூட சில நேரம் ஐயத்துக்கிடமாகும். தனியாகப் பணம் செலவிட்டு 70-300 லென்ஸ் ஒன்றை வாங்கிப் பொருத்தினால் சுமார் 390 பிக்சல் கிடைக்கும். பி900-ஐ முழுச் சூமில் வைத்தால் சுமார் 1300 பிக்சல். கொண்டை நீர்க்காகத்தையும் சின்ன நீர்க்காகத்தையும் பிரித்தறிய மாணவர் பார்க்க வேண்டியது தலையை: முன்னதன் அலகு நீண்டு மெலிந்திருக்கும், கண் நீலப்பச்சையாக இருக்கும், பின்னதன் அலகு குட்டையானது. தலையே சில பிக்சல்களுக்குள் அடங்கிவிட்ட படத்தில் இவற்றில் எதைப் பார்க்க முடியும்?

சிறிய சென்சாரின் பிக்சல்கள் தரம் குறைந்தவைதாமே, எண்ணிக்கை கூடி என்ன பயன் என்று ஒரு மறுப்பு எழலாம். நியாயமான மறுப்பு, அதற்கு விடை லென்ஸின் திறப்பில் இருக்கிறது. மழையில் வைத்த பாத்திரத்தில் எவ்வளவு நீர் சேரும் என்பதை அதன் வாயகலம் தீர்மானிப்பதுபோல, தொலைவிலுள்ள பறவையிடமிருந்து எவ்வளவு ஒளி கேமராவுக்குள் வரும் என்பதை லென்ஸின் திறப்பின் விட்டமே தீர்மானிக்கிறது. இதைக் கணக்கிட யாரையும் கேட்க வேண்டியதில்லை. லென்ஸின் முன்வளையத்திலேயே எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். பி900-இல் 4.3-357 மி.மீ. என்றும் 2.8-6.5 என்றும் இருக்கும். முதலாவது குவியத் தூரம், இரண்டாவது திறப்பு எண் (எஃப் எண்). பெரிய குவியத் தூரமான 357-ஐ 6.5-ஆல் வகுத்தால் திறப்பின் விட்டம் 55 மி.மீ. என்று வருகிறது. 70-300 லென்ஸில் 300-ஐ 5.6-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 54. இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிடலாம். அதாவது, அந்தப் பறவையிடமிருந்து இரண்டு கேமராக்களும் வாங்கும் ஒளி ஏறக்குறைய சமம். சென்சார் பன்னிரண்டு மடங்கு பெரியது என்ற சிறப்பு இந்த இடத்தில் செல்லுபடியாகவில்லை. மலிவாகக் கிடைக்கும் 55-250 லென்ஸுக்கு இதே கணக்கு 45-தான் தருகிறது. கேமராவோடு வரும் 18-55-க்கோ வெறும் 10. நல்ல கேமரா வாங்கியும் பறவை ஏன் சரியாக வரவில்லை என்று பலர் வருந்துவதன் காரணம் இந்த 10-தான்.

இதே கணக்கு சூப்பர்சூம்களுக்குள்ளும் நல்லதையும் அல்லாததையும் பிரித்துக் காட்டுகிறது. ஆசிரியர் தம் கேள்வியில் கச்சிதமான என்று குறிப்பிட்டிருந்தார். சட்டைப்பையில் அடங்கும் சூப்பர்சூம் ஒரு வகை. டிஎஸ்எல்ஆரைப் போலவே கைப்பிடியும் வியூஃபைண்டரும் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) கொண்ட, பிரிட்ஜ் கேமரா என்று கடைக்காரர்கள் சொல்லும் சூப்பர்சூம் வேறொரு வகை. முதல் வகைக்கு எடுத்துக்காட்டு, 2018-இல் வந்த கேனன் எஸ்எக்ஸ்740. 40 மடங்கு சூம், எடை 300 கிராம் அளவே, பயணத்துக்கு அருமையானது. ஆனால் அதன் 172-ஐ 6.9-ஆல் வகுத்தால் 25 மி.மீ. மட்டுமே வருகிறது, விட்டம் பாதிக்கும் குறைவு என்றால் உள்ளே வரும் ஒளி கால் பங்குக்கும் குறைவு. தவிர, அதில் வியூஃபைண்டர் கிடையாது. காலை பத்து மணி வெயிலில் பின்புறத் திரையில் பறவையைத் தேடுவது எவ்வளவு சிரமம் என்பது முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அதே ஆண்டு வந்த கேனன் எஸ்எக்ஸ்70-இன் திறப்பு 38 மி.மீ.; 2018-இன் நிகான் பி1000-க்கு 67 மி.மீ., ஆனால் எடை 1.4 கிலோ. 83 மடங்கு, 125 மடங்கு என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பதை விட்டுவிட்டு இந்த ஒரு வகுத்தலைச் செய்து பார்த்தாலே கடையில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

டிஎஸ்எல்ஆர் எங்கே வெல்கிறது என்பதையும் சொல்லாவிட்டால் இக்கடிதம் நேர்மையாகாது. முதலாவது, பறக்கும் பறவை. கருப்பு வெள்ளை மீன்கொத்தி நீர்ப்பரப்புக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்தபடி நின்று, சட்டென்று தலைகீழாக விழும். டிஎஸ்எல்ஆரின் வியூஃபைண்டரில் கண்ணாடி வழியாக நேரே பார்க்கிறோம். அது விழும் கணத்தை அந்தக் கணத்திலேயே காண்கிறோம். அதன் ஃபோகஸ் முறையும் நகரும் பொருளைத் துரத்துவதற்கென்றே அமைந்தது. சூப்பர்சூமில் நாம் பார்ப்பது ஒரு சிறு மின்திரையை. அதில் காட்சி சற்றே பிந்தி வரும். பி900 விநாடிக்கு ஏழு படம் எடுக்கும் என்பது உண்மைதான், ஆனால் ஏழு எடுத்தபின் அவற்றை அட்டையில் எழுதி முடிக்கும்வரை காத்திருக்க வைக்கும். மீன்கொத்தி அதற்குள் மீனோடு போய்விட்டிருக்கும். இரண்டாவது, அருகில் இருப்பவை. பள்ளித் தோட்டத்துத் தேன்சிட்டு, வேலியில் உட்காரும் கரிச்சான், பட்டாம்பூச்சி, ஓணான் போன்றவை சட்டத்தை நிரப்பும் அளவுக்கு நெருக்கத்தில் கிடைக்கும்போது பெரிய சென்சாரின் முழுப்பயனும் கிடைக்கிறது. இறகின் ஒவ்வொரு இழையும் தெரியும். மூன்றாவது, மங்கிய பொழுதில் காட்சி முழுவதையும் எடுக்கும் படங்கள். சூரியன் இறங்கியபின் ஆயிரக்கணக்கில் நாரைகள் மரங்களுக்குத் திரும்புவதை ஏரியோடும் வானத்தோடும் சேர்த்து எடுக்க வேண்டுமானால் டிஎஸ்எல்ஆரோடு போட்டியிட இந்தச் சிறிய சென்சாரால் முடியாது. ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 800-ஐத் தாண்டினாலே அதில் இறகுகள் குழைந்து, மெழுகு பூசியதுபோல் ஆகிவிடுகின்றன.

இன்னொன்றும் உண்டு. டிஎஸ்எல்ஆரில் லென்ஸை மாற்றலாம். பின்னாளில் பணம் சேரும்போது 150-600 லென்ஸ் ஒன்றை அதே கேமரா உடலில் பொருத்தினால், திறப்பு 95 மி.மீ.; எந்த சூப்பர்சூமும் அதன் அருகில் வர முடியாது. ஆனால் அந்த லென்ஸ் மட்டுமே 1.9 கிலோ எடையும், பழைய உடலைப் போலப் பல மடங்கு விலையும் கொண்டது. எட்டாம் வகுப்பு மாணவி கையில் பிடித்து எடுக்கும் கருவி அதுவன்று.

பழைய டிஎஸ்எல்ஆர் வாங்குவதில் உள்ள கண்ணிகளைப் பற்றி உங்கள் பதிலில் ஒரு சொல்லும் இல்லை என்பதே எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. நிகானின் டி3000, டி5000 வரிசை உடல்களில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப் (தானியங்கி ஃபோகஸ்) 70-300 லென்ஸை அவற்றுக்கு வாங்கினால், ஃபோகஸ் வளையத்தைக் கையால்தான் திருப்ப வேண்டியிருக்கும்; பறவைக்கு அது ஒத்துவராது. மறுபுறம், பின்னாளில் வந்த ஏஎஃப்-பி வகை லென்ஸை டி90, டி3100 போன்ற பழைய உடல்களில் மாட்டினால் கையாலும் ஃபோகஸ் செய்ய இயலாது. லென்ஸ் உடலோடு பொருந்துகிறது என்பதாலேயே வேலை செய்யும் என்று நினைத்துவிடக் கூடாது. எந்த உடலுக்கு எந்த லென்ஸ் என்பதைக் கடையிலேயே மாட்டி, ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தி, தெருவின் எதிர்ப்பக்கப் பலகையில் ஃபோகஸ் விழுகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

அடுத்தது பூஞ்சை. நம் கடலோர மாவட்டங்களின் ஈரக்காற்றில், பீரோவுக்குள் தோல்பையில் ஆண்டுக்கணக்கில் அடைந்து கிடந்த லென்ஸில் அது வராமல் இருந்தால்தான் வியப்பு. லென்ஸைக் கழற்றி, பின்புறத்திலிருந்து கைப்பேசி விளக்கை அடித்து, முன்புறமாகச் சற்றுச் சாய்வாகப் பார்க்க வேண்டும். தூசி தனித்தனிப் புள்ளியாகத் தெரியும். அது பெரிய கேடில்லை. ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கிளைவிட்டுப் பரவும் நூலிழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. நாள்பட்டால் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். துடைத்துக் கொடுத்துவிடுகிறேன் என்று விற்பவர் சொன்னாலும் வாங்க வேண்டாம். ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். நிகான் கேமராக்களில் அந்த எண் ஒவ்வொரு படத்தின் தகவலோடும் சேர்ந்தே பதிவாகிறது. டி3200-இன் ஷட்டர் ஒரு லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டது. திருமணப் படமெடுப்பவர் பயன்படுத்திய உடலென்றால் அந்த எல்லையை நெருங்கியிருக்க வாய்ப்பு அதிகம். திறப்பு எண்ணை (எஃப் எண்) 16-இல் வைத்து வெறும் வானத்தை ஒரு படமெடுத்துப் பெரிதாக்கினால் சென்சாரின் மீதுள்ள அழுக்கும் தெரிந்துவிடும்.

சூப்பர்சூமுக்கும் குறைகள் உண்டு. சூம் நீளும்போதும் சுருங்கும்போதும் காற்றோடு தூசியை உள்ளே இழுக்கும். லென்ஸ் கழறாது என்பதால் உள்ளே போன தூசியைச் சேவை மையத்தில்தான் எடுக்க முடியும். மண் பறக்கும் கரையில் தேவையின்றிச் சூம் செய்து விளையாட விடக்கூடாது. பி900 படங்களை ஜேபெக் வடிவில் மட்டுமே சேமிக்கும். ரா (கேமரா மெருகேற்றாத மூலப்பதிவு) வடிவிலும் சேமிக்கும் வசதி 2020-இல் வந்த பி950-இல் சேர்ந்தது. வாங்க முடிந்தால் அதையே வாங்குவது நல்லது. பழகுவதற்கும் நாளாகும். முழுச் சூமில் பார்வைக் கோணம் மிகக் குறுகியது என்பதால் மாணவர்கள் கேமராவை உயர்த்தியவுடன் வெறும் இலையைத்தான் பார்ப்பார்கள். முதலில் சூம் இல்லாமல் மரத்தைப் பிடித்து, அதில் தனித்துத் தெரியும் ஒரு கிளையை அடையாளம் வைத்து, பறவையை நடுவில் நிறுத்தியபடியே மெல்லச் சூமை நீட்ட வேண்டும். பறவை நழுவினால், லென்ஸ் குழாயின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்தால் காட்சி சற்று விரிந்து, விட்டவுடன் பழைய சூமுக்குத் திரும்பும். இந்தப் பொத்தானைக் கற்றுக்கொடுத்த பிறகு மாணவர்களின் படங்கள் மாறிவிடுவதைக் கண்கூடாகப் பார்க்கலாம்.

எந்தக் கேமராவாலும் வெல்ல முடியாத ஒன்று கானல். வெயில் ஏறியபின் நீர்ப்பரப்புக்கும் கரைக்கும் மேலே காற்று அலையும்போது, தொலைவிலுள்ள பறவையின் உருவம் நெளியும்; அதைக் கேமராவின் குற்றமென்று நினைத்து ஃபோகஸைத் திருகிக்கொண்டிருப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். விடிந்ததிலிருந்து ஒன்பது மணிவரைதான் நீண்ட சூமுக்கு உகந்த நேரம். அந்த நேரத்தின் முற்பகுதியில் ஒளி குறைவு என்பதால், ஆடாமல் பிடிக்க ஒரு முக்காலியோ, அதுவும் இல்லையென்றால் கரைச் சுவரின் மேல் வைக்க ஒரு சிறு மணல்மூட்டையோ கொண்டுபோக வேண்டும். அமர்ந்திருக்கும் நாரைக்கு விநாடியில் 250-இல் ஒரு பங்கு வேகம் போதும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. குட்டை லென்ஸ் கையில் இருப்பவர் என்ன செய்கிறார்? நெருங்கிப் போகிறார். வேடந்தாங்கலில் தண்ணீர் அவரைத் தடுக்கிறது. வனத்துறையின் காவலும் இருக்கிறது. ஆனால் இயற்கை மன்ற மாணவர்கள் பெரும்பாலும் போவது சரணாலயமல்லாத சாதாரண ஊர்க் குளங்களுக்கும் கழனிகளுக்கும். அங்கே தரையில் முட்டையிடும் ஆள்காட்டிக் குருவியைப் படமெடுக்க ஒவ்வொருவராக முன்னேறிச் செல்லும்போது, அது கத்திக்கொண்டே தலைக்கு மேல் வட்டமிடுவதை வேடிக்கையாக நினைக்கிறார்கள். அந்த நேரமெல்லாம் முட்டைகள் வெயிலில் கிடக்கின்றன; காகம் பார்த்துக்கொண்டிருக்கிறது. காட்டுப் பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் தொந்தரவு செய்வதை 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையாடுதல் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது என்பது ஆசிரியர்களில் பலருக்கும் தெரியாது. வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரிப் பறவைகளைக் காக்கக் கோரி, 1798-லேயே அன்றைய ஆட்சியர் லயனல் பிளேஸிடம் உத்தரவு பெற்றவர்கள். அப்படிப்பட்ட வட்டாரத்தில், பறவையை எழுப்பாமல் எடுக்க உதவும் கருவியையே பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். 60 மீட்டரில் நின்றே 1300 பிக்சல் கிடைக்கும்போது 20 மீட்டருக்குப் போக வேண்டிய தேவையே எழாது.

ஆகவே அந்த ஆசிரியருக்கு என் பதில் இது. படங்கள் கணக்கெடுப்புக்கும் இனம் காண்பதற்கும் என்றால், வியூஃபைண்டர் உள்ள, திறப்பு 50 மி.மீ.-க்குக் குறையாத சூப்பர்சூம் ஒன்றை வாங்குங்கள். பயன்படுத்தியதாக இருந்தாலும் சூம் நீளும்போது கரகரப்பு இல்லை என்றால் தயங்க வேண்டாம். பள்ளியில் ஏற்கெனவே ஒரு டிஎஸ்எல்ஆர் இருந்தால் அதை விற்றுவிடாமல், தோட்டத்துப் பூச்சிகளுக்கும் பள்ளி நிகழ்ச்சிகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் வேகம், திறப்பு, ஐஎஸ்ஓ ஆகியவற்றின் உறவைக் கற்றுக்கொடுக்க அதைவிட நல்ல ஆசான் இல்லை. டிஎஸ்எல்ஆர் மட்டுமே வாங்குவதென்று முடிவானால், உடலுக்கு ஒதுக்கும் தொகையைக் குறைத்து லென்ஸுக்கு ஒதுக்கும் தொகையைக் கூட்டுங்கள், 300 மி.மீ.-க்குக் குறைந்த லென்ஸோடு ஏரிக்குப் போக வேண்டாம். எதை வாங்கினாலும் காற்றுப்புகாத ஒரு டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். வாசகர்கள் அனுப்பும் பறவைப் படங்களை வெளியிடும்போது, எந்த லென்ஸில் எவ்வளவு தொலைவிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் கேட்டு வாங்கி அடியில் அச்சிடுங்கள். கூட்டுக்கு மிக அருகில் சென்று எடுத்த படங்களை, அவை எவ்வளவு அழகாக இருந்தாலும், வெளியிடாதீர்கள்.

தங்கள் வாசகர்,
மதுராந்தகம்.